சிப்பிப்பாறையைக் கூட்டிக்கொண்டு மலையேறலாமா? (கம்பம், குமுளி, போடிமெட்டுப் பக்கம்)

கம்பம்பள்ளத்தாக்கு:

வணக்கம். எங்கள் வீட்டில் இரண்டு வயதுச் சிப்பிப்பாறை ஆண் நாய் ஒன்று இருக்கிறது. தினமும் காலையில் முல்லைப் பெரியாற்றுக் கரையில் ஓடவிடுகிறேன், சளைப்பதே இல்லை. விடுமுறையில் நானும் தம்பியும் மலையேறும்போது இதையும் கூட்டிப்போகலாம் என்று ஆசை. மனதில் இருப்பவை: ராமக்கல்மேடு, சதுரங்கப்பாறை, கொழுக்குமலை, முடிந்தால் மீசைப்புலிமலை. இதில் எங்கே நாயோடு போகலாம், எங்கே கூடாது? நாய்க்கு என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். "நாயை வீட்டில் விட்டுவிட்டுப் போ" என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். காரணத்தோடு சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

ஒற்றையடி:

தாராளமாகப் போகலாம் தம்பி. நாய்க்கு மலை ஒன்றும் புதிதில்லை. தருமர் கடைசி மலையேற்றத்துக்குப் போனபோது தம்பிமார் ஒவ்வொருவராக விழுந்தார்கள், கூடவே வந்தது நாய்தான். கழுத்தில் பட்டை, கையில் கயிறு, ஒரு பாட்டில் தண்ணீர். வேறென்ன வேண்டும்?

தோட்டக்கணக்கு:

தருமர் போன மலையில் செந்நாய்க் கூட்டம் இருந்ததா என்று தெரியவில்லை. நம் பக்கத்து மதிகெட்டான் சோலைக் காட்டில் இருக்கிறது.

நான் வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே ஒவ்வொரு தோட்டத்திலும் நாய் உண்டு. ஆனால் தோட்டத்து நாய் ராத்திரி எட்டு மணிக்கு மேல் முற்றத்தைத் தாண்டாது. தாண்டியவை எல்லாம் சிறுத்தை வயிற்றுக்குள் போய்விட்டன. உயிரோடு இருப்பது தாண்டாதவற்றின் வம்சம். ஊர் நாய்க்கு அந்தப் பாடம் கிடையாது. ஆற்றங்கரையில் ஓடிய தைரியத்தில் இங்கே புதருக்குள் பாயும்.

கம்பம் தம்பி கேட்ட நான்கு இடங்களும் நான்கு விதம். எல்லாவற்றையும் "மலை" என்று ஒரே கூடையில் போட்டால் பதில் வராது. ராமக்கல்மேடும் சதுரங்கப்பாறையும் மக்கள் நடமாடும் புல்மேடுகள். காற்றாலை, கடை, வண்டிச் சத்தம் எல்லாம் இருக்கும். கொழுக்குமலை தனியார் தேயிலைத் தோட்டம், சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் ஏற வேண்டும். மீசைப்புலிமலை 2,640 மீட்டர், கேரள வன வளர்ச்சிக் கழகத்தின் பொறுப்பில் உள்ள பாதை, அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் மனிதனே போக முடியாது. நாயை அங்கே நினைத்துப் பார்க்கவே வேண்டாம்.

ஒற்றையடி:

கணக்கர் அண்ணன் பயமுறுத்துவதில் கெட்டிக்காரர். சிறுத்தை பகலில் பத்துப் பேர் நடக்கும் பாதைக்கு வந்து நாயைத் தூக்கிப் போகிறதா? இமயமலையில் நாய் ஏறாத சிகரமா? நம் ஊரில் மட்டும் ஏன் இந்தப் பதற்றம்?

பழையமலையேறி:

இமயமலையை இழுத்ததால் சொல்கிறேன். இது எனக்குப் பிடித்த விஷயம், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 நவம்பரில் நேபாளத்தில் ஒரு தெருநாய் மலையேற்றக் குழு ஒன்றின் பின்னாலேயே போய் பருன்ட்சே சிகரத்தின் உச்சியை, 7,129 மீட்டரை, எட்டியது. மேரா சிகரத்துப் பக்கத்தில் குழுவோடு ஒட்டிக்கொண்டதால் அதற்கு மேரா என்றே பெயர் வைத்தார்கள். யாரும் அதைக் கூட்டிப்போகவில்லை, அதுவாக வந்தது. ஏறும்போது மனிதர்களைவிட வேகம். இறங்கும்போதுதான் செங்குத்தான பனிச்சரிவில் கயிறு கட்டித் துணை கொடுக்க வேண்டியிருந்தது. இறக்கத்தில் நாயின் முன்னங்கால்கள்தான் உடம்பைத் தாங்குகின்றன. சமதளத்திலேயே எடையில் பாதிக்கு மேல் முன்னங்கால்களில்தான் நிற்கிறது, சரிவில் இன்னும் கூடும். ஏறிவிட்டதே என்று குதூகலப்படுபவர்கள் இறக்கத்தைக் கணக்கில் வைப்பதில்லை.

அதற்கும் முன்னோடி ஒன்று உண்டு. கூலிட்ஜ் என்ற ஆல்ப்ஸ் மலையேறியிடம் சிங்கெல் என்று ஒரு பெண் நாய் இருந்தது. 1865-இல் சிங்கெல் கணவாயைக் கடந்ததால் அந்தப் பெயர். முதலில் கிறிஸ்டியன் ஆல்மர் என்ற வழிகாட்டியிடம் இருந்து, பிறகு கூலிட்ஜிடம் வந்தது. 1875-இல் மோன்ட் பிளாங்க் உச்சிவரை போனது. பனியிலும் பாறையிலும் பாதம் கிழிந்து ரத்தம் வருகிறதே என்று தோலில் காலணி தைத்துக் கொடுத்தார்கள். அம்மணி அதைப் போட்டுக்கொள்ள மறுத்துவிட்டாள். இன்றைக்கும் ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து நாய்க்குக் காலணி வாங்குபவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. வீட்டில் பல நாள் போட்டுப் பழக்காமல் மலையில் மாட்டினால் நாய் நிலைகுத்தி நின்றுவிடும்.

இந்த இரண்டு கதையிலும் கவனிக்க வேண்டியது ஒன்று. பனிமலையின் உச்சியில் வேறு விலங்கு கிடையாது. நாய் யாரையும் துரத்தாது, நாயை யாரும் துரத்தமாட்டார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலை அப்படியா? ஒவ்வொரு புதருக்கும் குடித்தனக்காரர் உண்டு.

லயன்வீடு:

நான் மூணாறு பக்கம் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் (தொழிலாளர்களின் வரிசை வீடு, லயம் என்போம்) பிறந்து வளர்ந்தவள். யானை விஷயத்தை யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

நாய் யானையைப் பார்த்தால் குரைக்கும். குரைத்துக்கொண்டே பக்கத்தில் போகும். யானை ஒன்றிரண்டு தடவை பொறுக்கும், பிறகு திரும்பும். யானை திரும்பியதும் நாய் எங்கே ஓடும் என்று நினைக்கிறீர்கள்? நேராக உங்களிடம். வாலைக் கால் இடுக்கில் செருகிக்கொண்டு உங்கள் பின்னால் வந்து நிற்கும். அப்போது யானைக்கும் நாய்க்கும் நடுவில் நிற்பது நீங்கள். எங்கள் லயத்தில் விடியற்காலை கொழுந்து எடுக்கப் போகும் பெண்கள் நாய் பின்னால் வந்தால் கல்லெடுத்துத் துரத்திவிட்டுத்தான் போவார்கள். நாய் மேல் வெறுப்பு இல்லை, சாயங்காலம் அதே நாய்க்குச் சோறு வைப்பவர்களும் அவர்கள்தான்.

சின்னக்கானல், சூரியநெல்லிப் பக்கம் யானை எப்போது எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கம்பத்துக்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்ட அரிக்கொம்பன், மே மாதம் உங்கள் கம்பம் தெருவுக்கே வந்தான். ஜூன் மாதம் மறுபடி மயக்க ஊசி போட்டுக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள்.

கம்பம்பள்ளத்தாக்கு:

அக்கா, அரிக்கொம்பன் வந்தபோது நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தோம். எங்கள் தெரு நாய்கள் எல்லாம் விடாமல் குரைத்தன. நீங்கள் சொல்வது புரிகிறது. மீசைப்புலிமலையை விட்டுவிடுகிறேன். கொழுக்குமலை?

ஜீப்காரர்:

கொழுக்குமலைக்கு நாயை ஏற்றிப்போவதைப் பற்றி நான் சொல்கிறேன். அந்தப் பாதை பாதையே இல்லை, கல். வண்டிக்குள் நாம் கம்பியைப் பிடித்துக்கொள்வோம், நாய் எதைப் பிடிக்கும்? ஏறிய பத்தாவது நிமிடம் வாந்தி எடுக்கும். சூரிய உதயம் பார்க்கும் இடத்தில் ஒரே கூட்டம். இருட்டில் யார் காலையாவது மிதித்து, யாராவது கத்தி, நாய் பயந்து அறுத்துக்கொண்டு ஓடினால் ஒரு பக்கம் பள்ளத்தாக்கு. என் வண்டியில் ஏற்றமாட்டேன். மற்றவர்கள் ஏற்றினால் அவர்கள் இஷ்டம்.

ஒற்றையடி:

அப்படியானால் ஜீப் வேண்டாம். குரங்கணியிலிருந்து நடந்தே ஏறலாமே?

தோட்டக்கணக்கு:

குரங்கணி என்று இவ்வளவு லேசாக எழுதுகிறீர்களே. 2018 மார்ச் 11 அன்று அந்தச் சரிவில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு வனத்துறை அனுமதி இல்லாமல் அந்தப் பாதையில் கால் வைக்கக் கூடாது. அனுமதி வாங்கிய கூட்டத்தோடு போனாலும், நாயைச் சேர்த்து அனுமதி கேட்டுப் பாருங்கள், என்ன பதில் வருகிறது என்று இங்கே எழுதுங்கள்.

சட்டம் பேச வந்ததால் இன்னொன்று. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்றால் துப்பாக்கியால் சுடுவது மட்டும் இல்லை. விலங்கைத் துரத்துவது, விரட்டுவது, கண்ணி வைப்பது எல்லாமே அந்த விளக்கத்துக்குள் வருகிறது. உங்கள் சிப்பிப்பாறை ஒரு கேளையாட்டை (குரைக்கும் மான்) துரத்திக்கொண்டு ஓடினால், "நான் விடவில்லை சார், அதுவாக ஓடிவிட்டது" என்று ரேஞ்சரிடம் சொல்லிப் பாருங்கள்.

ஒற்றையடி:

நாய் ஒரு முயலைப் பார்த்து ஓடுவதும் வேட்டையா? இது கொஞ்சம் அதிகம் அண்ணே.

கோம்பைக்காரன்:

அதிகம் இல்லை. சிப்பிப்பாறை எதற்காக வளர்க்கப்பட்ட இனம்? பார்வையால் இரையைப் பிடித்து ஓட்டத்தில் வீழ்த்துவதற்கு. மணிக்கணக்கில் காலடியில் படுத்திருக்கும். தூரத்தில் ஏதாவது அசைந்தால் போதும், அந்த நொடியில் நீங்கள் யாரோ, அது யாரோ. எத்தனை தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் காதில் விழாது. அதன் குற்றம் இல்லை, பல தலைமுறையாக நாம் தேடித் தேடிச் சேர்த்த குணம்.

எங்கள் ஊர்க் கோம்பை நாயாவது காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் வந்தது, ஆளை ஒட்டியே நிற்கும். (உண்மையான கோம்பையைச் சொல்கிறேன். செவலை நிறமும் கறுத்த மூஞ்சியும் இருந்தால் கோம்பை என்று இப்போது சந்தையில் விற்கிறார்களே, அதை அல்ல. இதைப் பற்றித் தனியாக ஒரு இழை தொடங்கினால் வந்து சண்டை போடுகிறேன்.)

பழையமலையேறி:

தனி இழை தொடங்குங்கள், நானும் வருகிறேன். ராஜபாளையம் நாயையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கால்நடை:

நான் கால்நடை மருத்துவர், எல்லைப் பக்கம்தான் வேலை. இத்தனை பேர் எழுதியும் நாயின் உடம்பைப் பற்றி யாரும் பேசவில்லை.

முதலில் சூடு. நாயின் சாதாரண உடல் வெப்பம் 38 முதல் 39 டிகிரி செல்சியஸ். அதற்கு உடம்பு முழுக்க வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம், மற்றபடி நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. "மலையில் குளிர்தானே" என்று நினைக்காதீர்கள். மழைக்கு முந்தைய மாதங்களில் காற்றில் ஈரம் அதிகம். ஈரக் காற்றில் இரைப்பதால் பயன் குறைவு. எச்சில் நூல்போலக் கெட்டியாகத் தொங்குவது, ஈறு செக்கச் சிவந்து போவது, பின்னங்கால் தள்ளாடுவது, இவை தெரிந்தால் அங்கேயே நிறுத்துங்கள். நிழலில் படுக்கவைத்து வயிறு, அக்குள், தொடை இடுக்கில் சாதாரணக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் வண்டி ஏற்றுவது. ஈரத் துணியைப் போர்த்தி மூடிவைக்காதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களை மலைக்கு எந்த மாதத்திலும் கூட்டி வராதீர்கள்.

இரண்டாவது, நீங்கள் கொறிப்பது. மலையேறுபவர்கள் பையில் முந்திரி, பாதாம், உலர் திராட்சை கலந்து வைத்திருப்பீர்கள். உலர் திராட்சை சில நாய்களுக்குச் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்துவிடும். எந்த நாய்க்கு எவ்வளவில் ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. சாக்லேட்டும் நஞ்சு. "பாவம், பார்க்கிறதே" என்று ஒரு கை அள்ளிப் போடாதீர்கள். வேகவைத்த முட்டை, கோழிக்கறி, வெறும் சோறு போதும். வயிறு முட்டத் தின்னவைத்து உடனே ஏற்றத்தில் நடக்கவைக்கவும் கூடாது. ஆழ்ந்த மார்புள்ள இனங்களுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு, சிப்பிப்பாறையும் அந்த உடல்வாகுதான்.

மூன்றாவது, அட்டையும் உண்ணியும். மழைக்காலத்தில் புல்லில் இருந்து ஏறும் அட்டையை உப்புத் துணியால் தொட்டால் விழுந்துவிடும், அது பெரிய விஷயம் இல்லை. ஓடையில் வாயை வைத்துக் குடிக்கும்போது சின்னஞ்சிறு நீரட்டை மூக்குக்குள் ஏறிக்கொண்டால்தான் தொல்லை. ஊருக்கு வந்து சில நாளில் ஒரு பக்க மூக்கில் மட்டும் ரத்தம் சொட்டும், நாய் தும்மிக்கொண்டே இருக்கும். உண்ணிக் காய்ச்சலிலும் மூக்கில் ரத்தம் வரும் என்பதால் மலைக்குப் போய் வந்ததைக் கண்டிப்பாக டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நாங்கள் ரத்தப் பரிசோதனையிலேயே நாளைக் கழிப்போம்.

தோட்டக்கணக்கு:

டாக்டர், ஓடைத் தண்ணீர் என்றதும் மருந்தடிப்பைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏலத்துக்குப் பூச்சி மருந்து அடிக்காத மாதம் குறைவு. குயினால்பாஸ் அடித்த தோட்டத்து வழியாக வரும் ஓடை கண்ணாடிபோலத்தான் ஓடும். மணம் இருந்தால்தான் நமக்கே தெரியும். செடிக்கு நடுவே நடந்த நாய் வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத்தான் முதலில் நக்கும்.

கால்நடை:

சரியாகச் சொன்னீர்கள். வாயில் நுரை, கண்ணின் பாவை ஊசிமுனையாகச் சுருங்குவது, உடம்பு துடிப்பது, இதெல்லாம் அந்த வகை மருந்தின் விஷம். அட்ரோபின் ஊசி போட்டால் பிழைக்கவைக்கலாம், நேரத்துக்கு வந்தால். மருந்தின் பெயர் ஒட்டிய டப்பாவையோ அதன் புகைப்படத்தையோ கொண்டுவாருங்கள்.

பாம்பும் அப்படித்தான். ஏலச்செடியிலும் புதரிலும் குழிவிரியன்கள் இருக்கும். நாய் மூக்கை நீட்டி மோப்பம் பிடிக்கும்போது மூஞ்சியிலேயே கடி விழும். நம்மிடம் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும்தான். குழிவிரியனுக்கு அது வேலை செய்யாது. வலிக்கும் வீக்கத்துக்கும் சிகிச்சை கொடுத்துக் காத்திருக்க வேண்டும். ஆகவே கயிறு நீளமானதாக இருக்க வேண்டாம், இரண்டு மீட்டர் போதும். தானாக நீண்டு சுருங்கும் கயிறு மலைக்கு உதவாது.

ஒற்றையடி:

டாக்டர் எழுதியதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இதெல்லாம் நாய்க்கு வரும் ஆபத்து. நாயால் காட்டுக்கு என்ன பெரிய ஆபத்து? தோட்டங்களில் ஏற்கனவே ஆயிரக்கணக்கில் நாய்கள் இருக்கின்றனவே. இந்த ஒரு நாய் போய் என்ன கெட்டுவிடும்?

கால்நடை:

நல்ல கேள்வி. டிஸ்டம்பர் என்ற நோய் நாய் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். 1994-இல் ஆப்பிரிக்காவில் செரங்கெட்டியில் அந்த வைரஸால் ஏறக்குறைய ஆயிரம் சிங்கங்கள் செத்தன, அங்கிருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு. 2018-இல் நம் நாட்டிலேயே கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது அதே வைரஸைக் கண்டுபிடித்தார்கள். செந்நாய் நம் நாய்க்குப் பங்காளி, அதற்கும் இது தொற்றும். தடுப்பூசி போட்ட வீட்டு நாய்க்கு ஒன்றும் ஆகாது. போடாத நாய்க்கு நோய் இருந்தால் அதன் எச்சிலும் தும்மலுமே போதும்.

ஏற்கனவே ஆயிரம் நாய் இருப்பது உண்மை. வீட்டில் ஏற்கனவே ஒழுகுகிறது என்பதற்காக இன்னொரு ஓட்டைப் பிடுங்குவீர்களா?

லயன்வீடு:

டாக்டர் சொன்னது நியாயம், ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தோட்டத்து நாய்களுக்குத் தடுப்பூசி யார் போடுகிறார்கள்? லயத்தில் பத்து வீட்டுக்கு ஒரு பொது நாய் இருக்கும், எந்த வீட்டுக்கும் சொந்தம் இல்லை. முகாம் போட்டால் வெறிநாய்க்கடி ஊசி மட்டும் போட்டுவிட்டுப் போகிறார்கள். அதற்கே சங்கிலியில் கட்டிக்கொண்டு வந்து வரிசையில் நில்லுங்கள் என்கிறார்கள். கொழுந்து எடுக்கும் நேரத்தில் யார் நிற்பது? காட்டுக்கு ஆபத்து சுற்றுலா வரும் ஒரு சிப்பிப்பாறையால் என்பதைவிட, இந்த நாய்களை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாததால் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கால்நடை:

மறுக்கமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை முகாம் வைத்தால்தான் லயத்து நாய்கள் வரும் என்று நானும் எழுதிக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கம்பம்பள்ளத்தாக்கு:

எல்லோருக்கும் நன்றி. எங்கள் நாய்க்கு டிஸ்டம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் சேர்ந்த ஊசியும் வெறிநாய்க்கடி ஊசியும் போட்டிருக்கிறது, ஊசி போட்ட பதிவு அட்டையும் கையில் இருக்கிறது. கொழுக்குமலையும் மீசைப்புலிமலையும் பட்டியலில் இல்லை. ராமக்கல்மேட்டுக்குக் கோம்பைப் பக்கச் சரிவில் ஏறாமல், மேலே வண்டியில் போய்ப் புல்மேட்டில் மட்டும் நடக்கலாமா? இல்லை சதுரங்கப்பாறை மேலா?

தோட்டக்கணக்கு:

சதுரங்கப்பாறை. ராமக்கல்மேட்டில் விடுமுறை நாளில் நாயோடு நிற்கவே இடம் இருக்காது, குறவன் குறத்தி சிலையருகே படம் எடுக்கும் கூட்டம் உங்கள் நாயையும் படம் எடுக்கும். சதுரங்கப்பாறையில் வார நாளில் விடிந்த பிறகு போங்கள், விடியும் முன் வேண்டாம். வெயில் ஏறுமுன் இறங்கிவிடுங்கள். காற்று மிகப் பலமாக அடிக்கும். சிப்பிப்பாறைக்கு மெல்லிய தோல், முடியும் குட்டை, குளிர்காலத்தில் ஒரு பழைய சட்டை போட்டுவிடுங்கள். விளிம்புப் பாறைப் பக்கம் கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். நாய் பாய்ந்தால் நீங்களும் சேர்ந்து போடிப் பள்ளத்தாக்கைப் பார்க்க வேண்டிவரும்.

கோம்பைக்காரன்:

கழுத்துப் பட்டையை மட்டும் நம்பாதே தம்பி. சிப்பிப்பாறைக்குத் தலை குறுகல், கழுத்துதான் அகலம். பின்னுக்கு இழுத்தால் பட்டை காதுவழியே கழன்று வந்துவிடும். அகலப் பட்டையும் மார்பில் கட்டும் ஹார்னஸும் இரண்டுமே போடு, இரண்டிலும் கயிறு மாட்டு.

ஒற்றையடி:

சரி, நானும் வருகிறேன். நாயில்லாமல்தான். தம்பி, எந்த வாரம்?

கம்பம்பள்ளத்தாக்கு:

அடுத்த புதன்கிழமை அண்ணே. ஜீப்கார அண்ணே, கம்பம்மெட்டு வழியாகச் சதுரங்கப்பாறைவரை வண்டி வருமா? அந்தப் பாதை தார்ச்சாலைதானே, நாயை ஏற்றுவீர்களா?

ஜீப்காரர்:

தார்ச்சாலைக்கு ஏற்றுவேன். சீட்டில் உட்காரவைக்கக் கூடாது, கீழே சாக்கு விரித்து உங்கள் காலுக்கு நடுவில். கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே தீனி முடித்துவிடுங்கள். வளைவில் வாந்தி எடுத்தால் கழுவுவது நீங்கள். செக்போஸ்ட்டில் கேட்டால் காட்ட ஊசி அட்டையை மேல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், பைக்குள் போட்டுவிட்டுத் தேடாதீர்கள். நாய்க்குத் தனி வாடகை இல்லை. ஒற்றையடி அண்ணனுக்கு உண்டு.